கூழும் கருவாடும் சக்கராசனமும்

எங்கள் யோகா வகுப்பு நடப்பது ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில். சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரம்தான். முகூர்த்த நாட்களில் கூடத்தை விருந்துக்காரர்களுக்கு விட்டுவிட்டு மொட்டை மாடிக்கு ஏறிவிடுவோம். மற்ற நாட்களில் காலை ஐந்தரைக்குப் பந்தி மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, அதே இடத்தில் பாயை விரித்துப் படுத்து மூச்சை இழுப்போம். முதல் நாள் வைத்த ரசத்தின் வாசனையும் சேர்ந்தே உள்ளே போகும். வெறும் வயிற்றோடு அதை இழுக்கிறவளுக்குத்தான் கஷ்டம் தெரியும்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது முதுகுவலியால். மறைமலைநகரில் காருக்கான ரப்பர் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில், இருபது வருஷத்துக்கு மேலாக எனக்குச் சோதனை மேசையில் வேலை. வெள்ளை விளக்குக்குக் கீழே வாஷரையோ குழாயையோ பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். கீறல், குமிழி, ஓரத்தில் பிசிறு, எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. நல்லது பச்சைத் தட்டில் போகும். கெட்டதில் சிவப்பு டேக் கட்ட வேண்டும். அந்த டேக்கில் மூன்று வரி இருக்கும்: பொருள், காரணம், கையெழுத்து. காரணம் எழுதாமல் ஒரு வாஷரைக்கூட ஒதுக்க எனக்கு உரிமை கிடையாது. எழுதாமல் அனுப்பினால் சூப்பர்வைசர் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார்.

எட்டு மணி நேரம் நின்று நின்று, ஒரு நாள் குனிந்தவள் நிமிர முடியாமல் போனேன். முதுகெலும்பில் வட்டு பிதுங்கியிருக்கிறது என்றார் டாக்டர். மாத்திரை ஒரு பக்கம், உடற்பயிற்சி ஒரு பக்கம் என்றார். அப்படித்தான் இந்த வகுப்புக்கு வந்தேன். சொல்லித் தருகிறவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் அம்மாள். எல்லாரும் அவரை மேடம் என்போம். முதல் நாள் என் இடுப்பில் உள்ளங்கையை வைத்து, "இங்க மூச்ச அனுப்பு" என்றார். மூச்சென்ன கூரியரா, சொன்ன இடத்துக்கு அனுப்ப என்று எனக்குச் சிரிப்பு வந்தது. எட்டு மாதத்தில் வலி போனது. இரண்டாவது வருஷம், நாற்பத்தாறு வயதில், நான் சக்கராசனம் போட்டேன். கையையும் காலையும் ஊன்றி, வயிற்றை வானத்துக்குத் தூக்கி வில்லாக வளைகிற ஆசனம். வகுப்பில் இருபத்து மூன்று பேரில் என் அளவுக்கு அதை யாரும் போட்டதில்லை. அந்த மனுஷிக்கு என் முதுகு கடன்பட்டது. அதை நான் இன்றைக்கும் மறுக்கவில்லை. அதனால்தான் பின்னால் கோபம் அவ்வளவு வந்தது.

ஒவ்வொரு தை மாதமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வகுப்பு மாமல்லபுரத்துக்குப் போகும். கடற்கரையில் சூரியன் எழும்புகிற நேரத்தில் ஆசனங்கள் செய்துவிட்டு, அவரவர் கொண்டுவந்ததை மணலில் உட்கார்ந்து பகிர்ந்து சாப்பிட்டுத் திரும்புவோம். நடைக்கு வந்தவர்களும் சுற்றுலாக்காரர்களும் நின்று பார்ப்பார்கள். முன்வரிசையில் ஏழு பேர் நிற்பார்கள். போன வருஷம் நான் மூன்றாவது வரிசை. இந்த வருஷம் முன்வரிசையில் நீதான் நடுவில் என்று மேடமே ஐப்பசியில் சொன்னார். எனக்கு அது வேண்டும். பள்ளிக்கூடத்தில் கடைசிப் பெஞ்சு, ஊர்த் திருவிழாவில் கூட்டத்துக்குப் பின்னால், கம்பெனிப் படத்தில் யாரோ ஒருவர் தோளுக்குப் பின்னால் பாதி முகம். ஒரு தரமாவது முன்னால் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அப்புறம்தான் அந்தச் சாப்பாட்டு முறை வந்தது.

கடற்கரைக்குப் போவதற்கு முன்னால் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், எல்லாரும் புது உணவுமுறைக்கு மாற வேண்டும் என்றார் மேடம். கறி, மீன், முட்டை கூடாது. வெங்காயம், பூண்டு கூடாது. அரிசிக்குப் பதில் சிறுதானியம். காலை பத்து மணிக்கு முன்னால் எதுவும் தொடக் கூடாது. பொழுது சாய்வதற்குள் கடைசிச் சாப்பாட்டை முடித்துவிட வேண்டும். ஒவ்வொரு வேளையும் தட்டைப் படம் எடுத்து வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். இதெல்லாம் ஆரம்பிக்கும் முன், இப்போது என்ன சாப்பிடுகிறோம் என்று ஒரு தாளில் உண்மையாக எழுதித் தரச் சொன்னார்.

நான் உண்மையாகத்தான் எழுதினேன். சோறு, கூழ், கருவாடு, மீன், முட்டை, ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறி.

மேடம் படித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் எட்டிப் படித்தார்கள். ஒருத்தி தன் பாயை ஒரு சாண் நகர்த்திக்கொண்டதை நான் பார்த்தேன். பிசிறு பார்க்கிற கண் இது. மேடம் மட்டும் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"பரவால்லம்மா. நாப்பத்தெட்டு நாள்ல எல்லாம் சுத்தமாயிடும்" என்றார்.

அந்தச் 'சுத்தம்' என்னைச் சுட்டது. நான் பிறந்தது பாலாற்றங்கரை ஊர் ஒன்றின் காலனியில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள், களை எடுத்தவர்கள். சுத்தம் பற்றி எங்கள் தெருவுக்குப் பாடம் எடுக்க எப்போதும் யாராவது இருந்திருக்கிறார்கள். ஆனால் அன்றைக்கு முன்வரிசை கண்ணுக்குள் நின்றது. சரி மேடம் என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், கம்பையும் கேழ்வரகையும் எனக்கே அறிமுகம் செய்தார்கள். எனக்கு! கூழ் குடித்தே வளர்ந்தவள் நான். அரிசிச் சோறு தினமும் கிடைக்காத வீட்டில் கூழ்தான் காலையும் மத்தியானமும். அன்றைக்கு அதைத் தூக்கில் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனால் மூக்கைப் பொத்தியவர்கள் உண்டு. இன்றைக்கு அதே மாவைப் பளபளக்கிற பையில் போட்டு, மேலே பச்சை இலை படம் அச்சடித்து விற்கிறார்கள். இருக்கட்டும், சந்தோஷம். ஆனால் கூழோடு எப்போதும் சேர்ந்து வருகிற கருவாட்டை மட்டும் பிய்த்து எறிந்துவிட்டார்கள். யாரைக் கேட்டு எறிந்தார்கள்?

பத்தொன்பது நாள் நான் அந்த முறையை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றினேன். நாலரைக்கு எழுந்து வகுப்பு. ஏழரைக்குக் கம்பெனி பஸ். பத்து மணிக்குக் கேன்டீனில் டீயும் வடையும்தான் கிடைக்கும், வடையில் வெங்காயம் இருக்கும். ஆகவே பன்னிரண்டரை வரைக்கும் தண்ணீர். மத்தியானம் டப்பாவில் கொண்டுபோன சாமைச் சோறும் பூசணிக்காயும். சாயங்காலம் பஸ் என்னை இறக்கிவிடும்போதே பொழுது சாய்ந்திருக்கும். அதற்குமேல் அடுப்பைப் பற்றவைத்தால் விதி மீறல் ஆயிற்றே. பஸ்ஸிலேயே ஜன்னல் பக்கம் சூரியனைப் பார்த்துக்கொண்டு ஒரு வெள்ளரிக்காயைக் கடித்து முடிப்பேன். அந்த அட்டவணையைப் போட்டவர்களுக்கு ஓடிப் பிடிக்கப் பஸ் எதுவும் இல்லை. வீட்டில் வீட்டுக்காரரும் என்னோடு இரண்டு நாள் முயன்று பார்த்தார். அவர் வேறொரு கம்பெனி பஸ்ஸின் டிரைவர்.

மூன்றாம் நாள், "இன்னாமே இது, வெறும் தழையா கீது. நான் இன்னா மாடா?" என்று தட்டைத் தள்ளிவிட்டுக் கடைக்குப் போய் இரண்டு முட்டை வாங்கிவந்தார்.

குழுவில் தட்டுகள் வந்துகொண்டே இருந்தன. பஸ்ஸில் வேறு வேலை இல்லாததால் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்ப்பேன். பழக்க தோஷம். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ கையும் களவுமாகப் பிடித்தேன். ஹார்டுவேர் கடைக்கார அக்கா ஒருவர் எங்கள் வகுப்பில் உண்டு. திங்கட்கிழமை அவர் போட்ட சாமை உப்புமாவும் வியாழக்கிழமை போட்ட சாமை உப்புமாவும் ஒன்றே. அதே கறிவேப்பிலை, அதே கோணத்தில், நுனி மடங்கி. பக்கத்தில் எவர்சில்வர் தம்ளரில் அதே ரோஸ் நைட்டியின் பிம்பம் தெரிந்தது. அப்புறம் கண் சும்மா இருக்குமா? இன்னொருத்தி தட்டில் முள்கரண்டி இருந்தது. அவள் வீட்டில் முள்கரண்டி இருக்கிறது என்றால் நான் நம்ப வேண்டுமா? எண்ணிப் பார்த்தேன். பாதிப் பேருக்கு மேல் பழைய படத்தையும் எங்கிருந்தோ எடுத்த படத்தையும் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், அவர்களைத் திட்டத் தோன்றவில்லை. பசிக்கிறவர்கள் சாப்பிடுகிறார்கள். சாப்பிட்டதைச் சொல்லத்தான் பயம்.

இருபதாம் நாள் பதினோரு மணிக்குச் சோதனை மேசையில் விளக்கு திடீரென்று மங்கியது. விளக்கு மங்கவில்லை, நான்தான். கையிலிருந்த தட்டோடு விழுந்தேன். முந்நூறு வாஷர்கள் தரையெல்லாம் உருண்டு ஓடினவாம். கண்ணைத் திறந்தபோது கம்பெனி நர்ஸ் என் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா சாப்ட்ட காலைல?"

"ஒண்ணுமில்ல."

"நேத்து ராத்திரி?"

"வெள்ளரிக்கா."

"வெரதமா?"

"யோகா."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "போன வருஷ செக்கப்லயே ரத்தம் கம்மினு எழுதிகிறாங்க ஒனக்கு. ஈரலு, சொவரொட்டி துண்ணுனு சொன்னனா இல்லியா? இப்டி பட்டினி கெடந்துகினு நின்னா எவளா இருந்தாலும் வுழத்தான் வுழுவா" என்றாள்.

மறுநாள் லீவு போட்டேன். வீட்டுக்காரர் காலையிலேயே கறிக்கடையில் நின்று ஆட்டுச் சுவரொட்டி வாங்கிவந்தார். மண்ணீரலைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம், ரத்தம் ஊற அதைவிட ஒன்றும் இல்லை. சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு வறுத்தேன். சோற்றில் பிசைந்து ஒரு வாய் வைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழுகை இல்லை, உடம்பு நன்றி சொன்னது. அப்புறம் என்ன தோன்றியதோ, பாதி சாப்பிட்ட தட்டைப் படம் எடுத்து, 'இருபத்தோராம் நாள், மதிய உணவு' என்று எழுதிக் குழுவில் போட்டேன். தவறிப் போய்ப் போடவில்லை. இரண்டு தரம் பார்த்துவிட்டே போட்டேன்.

 ஒரு மணி நேரத்தில் படத்தை மேடம் நீக்கினார்.

அடுத்த நாள் வகுப்பு முடிந்து எல்லாரும் பாயைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டார். நர்ஸ் சொன்னதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"முன்வரிசைங்கறது மத்தவங்களுக்கு ஒரு உதாரணம்மா. இந்த வருஷம் நீ பின்னாடி நின்னுக்கோ. எல்லாரும் எவ்ளோ கட்டுப்பாடா இருக்காங்க பாரு. நீ ஒருத்திதான்..." என்று நிறுத்திக்கொண்டார்.

எல்லாரும் கட்டுப்பாடாம்! என் கையில் போன் இருந்தது. இரண்டு உப்புமாப் படங்களையும் அருகருகே வைத்துக் காட்ட அரை நிமிஷம் போதும். ஹார்டுவேர் அக்கா பாயின் நாடாவை அவிழ்ப்பதும் கட்டுவதுமாகத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் போனைப் பைக்குள் போட்டேன். அவர்களைக் காட்டிக்கொடுத்து எனக்கு ஓர் இடம் வேண்டாம். ஆனால் பின்னாலும் நிற்க மாட்டேன். அன்று முழுக்க மேசையில் வாஷரைச் சுற்றிக்கொண்டே யோசித்தேன். சாயங்காலம் சூப்பர்வைசரிடம் கேட்டு ஒரு வெற்றுச் சிவப்பு டேக் வாங்கிக்கொண்டேன். எதற்கு என்றார். யோகாவுக்கு என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

மிச்ச இருபத்தாறு நாளும் வகுப்புக்குப் போனேன். ஒரு நாள் தவறவில்லை. தினமும் என் தட்டைப் போட்டேன், மேடம் தினமும் நீக்கினார். கம்பங்கூழ் போட்டால் மட்டும் நிற்கும். சில நாள் கூழும் கருவாடும் ஒரே தட்டில் இருக்கும், அது நீங்கிவிடும். இரண்டு பேருக்கும் அலுக்கவில்லை.

மாமல்லபுரம் போகிற ஞாயிற்றுக்கிழமை, வகுப்பு வேன் இருந்தும் நான் வீட்டுக்காரர் பைக்கில் கிளம்பினேன். செங்கல்பட்டு தாண்டித் திருக்கழுக்குன்றம் வழியாகப் பனியில் போனோம். முதுகில் பாய், மடியில் தூக்கு.

"இன்னாமே, சண்டைக்குப் போறியா, யோகாவுக்குப் போறியா?" என்றார்.

"ரெண்டுத்துக்கும்தான். நீ ரோட்ட பாத்து ஓட்டு."

கடற்கரையில் பாய்கள் விரித்தாகிவிட்டன. முன்வரிசையில், எனக்குச் சொல்லியிருந்த நடு இடத்தில், ஹார்டுவேர் அக்கா நின்றார். கடலின் ஓரம் வெளுக்க ஆரம்பித்திருந்தது. நடைக்கு வந்தவர்கள் பத்துப் பதினைந்து பேர் நின்று பார்த்தார்கள். நான் நேராக மேடத்திடம் போய் டேக்கையும் பேனாவையும் நீட்டினேன். வருகைப் பதிவு என்று நினைத்திருப்பார் போல, வாங்கிக்கொண்டார்.

"என்னம்மா இது?"

"எங்க கம்பெனி டேக்கு மேடம். ஒரு பீஸ ஒதுக்கணும்னா அத்த எழுதித்தான் ஒதுக்கணும். நீங்க என்னிய ஒதுக்குறீங்க இல்ல, காரணம் எழுதிக் குடுங்க."

"இப்பப் போய்..."

"முதுகு வளையலியா? மூச்சு சரியில்லியா? எத்தினி நாளு நான் வகுப்புக்கு வரல? எது தப்போ அத்த எழுதி ஒரு கையெழுத்து போடுங்க. வாங்கினு போயி கடைசில நிக்கிறேன்."

"உனக்கே தெரியும்மா."

"எனக்குத் தெர்யும் மேடம். நீங்க எழுதுங்க."

மேடம் பேனா மூடியைத் திறந்தார். டேக்கைக் கைப்பையின்மேல் வைத்துக் காரணம் என்ற வரிக்கு நேராக நுனியைக் கொண்டுபோனார். அப்படியே நின்றார். எழுத வேண்டியது ஒரே ஒரு சொல்தான். நான் தின்னும் ஒன்றின் பெயர். அந்தப் பெயரைத் தன் கையெழுத்தில், தன் பெயருக்கு மேலே எழுதிப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. தோளைத் தட்டிச் சொல்ல முடிந்ததை எழுத முடியவில்லை. பேனாவை மூடினார். டேக்கை வெறுமையாகத் திருப்பித் தந்துவிட்டுக் கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

"நீ வா இங்க, எனக்கு முட்டி வலிக்குது" என்றார் ஹார்டுவேர் அக்கா. பாயை உருவிக்கொண்டு பின்னால் போனார், நன்றாகவே நடந்து போனார். அக்காவின் பொய்களில் அந்த ஒன்றை மட்டும் நான் பெரிதாக்கிப் பார்க்கவில்லை.

நடுவில் நின்றேன். சூரியன் எழும்பியது. சக்கராசனம் வந்தபோது கையை ஊன்றி வயிற்றைத் தூக்கினேன். கடல் தலைக்கு மேலே போய்விட்டது, வானம் காலடியில். என் மூச்சை நானே எண்ணினேன். பக்கத்தில் ஒவ்வொருவராக இறங்குவது காதில் விழுந்தது. இருபதுக்கு மேலும் நான் இறங்கவில்லை. சுவரொட்டியும் கருவாடும் பிடித்து நிறுத்திய உடம்பு இது, மேடம் வளைத்துவிட்ட முதுகு இது. இதில் எதைக் கழற்றி எறியச் சொல்கிறீர்கள்?

முடிந்ததும் வழக்கப்படி மணலில் வட்டமாக உட்கார்ந்தோம். பழம், முளைகட்டிய பயறு, தினை உருண்டை என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நான் தூக்கைத் திறந்தேன். அடுக்கில் மேலே வறுத்த நெத்திலிக் கருவாடு, கீழே கேழ்வரகுக் கூழ். வாசனை கடல் காற்றையும் மீறியது. இரண்டு பேர் எழுந்து அந்தப் பக்கம் போனார்கள். ஹார்டுவேர் அக்கா தம்ளரோடு இந்தப் பக்கம் வந்தார். "முப்பது நாளா நாக்கு செத்துக் கெடக்குது" என்று அவரே பொய்க் கணக்கு ஒன்றும் சேர்த்துச் சொல்லிக்கொண்டு கருவாட்டை அள்ளினார்.

கொஞ்ச நேரம் கழித்து மேடம் வந்து எதிரில் உட்கார்ந்தார். கூழைப் பார்த்தார்.

"கூழ் மட்டும் கொஞ்சம் குடேன்" என்றார்.

அவர் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. அந்த 'மட்டும்' பிடிக்கவில்லை. தம்ளர் நிறைய ஊற்றினேன். தூக்கின் மூடியில் இரண்டு கருவாட்டை எடுத்து வைத்துத் தம்ளரோடு சேர்த்தே நீட்டினேன்.

"ரெண்டும் சேந்துதான் மேடம் எங்க வூட்ல. வேணாம்னா வெச்சிடுங்க, நான் துண்ணுக்குறேன்."

அவர் கூழைக் குடித்தார். முழுக்கக் குடித்தார். கருவாட்டைத் தொடவில்லை, மூடியைத் தள்ளி வைக்கவும் இல்லை. காலித் தம்ளரை வாங்கிக்கொண்டேன். பிறகு அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூடியிலிருந்த கருவாடு இரண்டையும் எடுத்துத் தலையோடு கடித்துத் தின்றேன்.